துடைப்பத்தைக் கீழே வைத்துக் கேட்ட கதை

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், 'இந்த ஆண்டில் எனக்குப் பிடித்த தொடர்கள்' என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்கள். எங்களையும் நண்பர்கள் கேட்டார்கள். நாங்களும் தொடர் பார்க்கிறவர்கள்தான். களப்பணி முடிந்து வீடு திரும்பி, சாப்பாட்டுத் தட்டோடு கைப்பேசியில் பாதி எபிசோடு பார்த்துத் தூங்கிப்போகிறவர்கள். ஆனால் பட்டியல் போட உட்கார்ந்தபோது வேறொன்று குறுக்கே வந்தது.

நலவாரிய அட்டை புதுப்பிப்பதற்காகத் தூய்மைப் பணியாளர் குடியிருப்பு ஒன்றில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம். வேலைக்கு நடுவே பேச்சு சீரியல் பக்கம் போனது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தெருக் கூட்டிவரும் ஓர் அக்காவிடம், "உங்களுக்குப் புடிச்ச சீரியல் எதுக்கா?" என்று கேட்டோம். சிரித்தார். "காலைல நாலரைக்கு எந்திரிக்கிறவளுக்கு ராத்திரி சீரியல் எதுக்கு கண்ணு? சரி, நீ சொல்லு. எங்கள மாதிரி ஆளு யாராச்சும் அதுல வர்றாங்களா? வந்தா சொல்லு, தூக்கத்த விட்டுட்டுப் பாக்கறேன்" என்றார்.

எங்களிடம் உடனே சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. வீட்டு வேலைக்காரியாக, குடித்துவிட்டுக் கிடப்பவனாக, கொலையாகிக் கிடக்கும் உடலாக வருகிறார்கள். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கேட்ட கேள்வியை 1988-ஆம் ஆண்டிலேயே பஞ்சாபின் ஜலந்தர் நகரத் தூய்மைப் பணியாளர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு விடவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஆகவே இந்த ஆண்டின் பட்டியலுக்குப் பதிலாக 1988-இன் பட்டியலை எழுதுகிறோம். அந்த ஆண்டின் சிறந்த தொடர் எது என்பதைவிட, அந்த ஆண்டின் தொடர்களை யார் பார்த்தார்கள், பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதே நமக்கு முக்கியம்.

அன்றைய தொலைக்காட்சி எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் அந்த ஆண்டுகளை ஒட்டிப் பிறந்த தலைமுறை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் அப்பா அம்மா சொன்னவைதான். அரசின் தூர்தர்ஷன் மட்டுமே. வண்ணம் வந்தது 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. 1984-இல் 'ஹம் லோக்' வந்த பிறகுதான் வாராவாரம் கதை பார்க்கும் பழக்கம் நாடெங்கும் பரவியது. ஊருக்குள் ஒன்றோ இரண்டோ பெட்டிகள் இருக்கும், அவையும் ஊர்த்தெருவில் இருக்கும். எங்கள் பெற்றோர் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். உள்ளே இடம் இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். இந்தியும் புரியாது. ஆனாலும் பார்த்தார்கள். நாடே பார்ப்பதைத் தாங்களும் பார்க்கிறோம் என்பதில் ஒரு பங்கு இருந்தது. சன்னலுக்கு வெளியே நின்றாவது அந்தப் பங்கை எடுத்துக்கொண்டார்கள்.

சரி, திரைக்குள் நம் மக்கள் இருந்தார்களா? இருந்தார்கள். எப்படி இருந்தார்கள் என்பதற்கு இரண்டு படைப்புகளைச் சொல்லலாம்.

ஒன்று, 1981-இல் சத்யஜித் ரே தூர்தர்ஷனுக்காக எடுத்த 'சத்கதி'. பிரேம்சந்தின் சிறுகதை. மகளின் நிச்சயத்துக்கு நல்ல நாள் குறித்துத் தரச் சொல்லி ஒரு பார்ப்பனரிடம் போகிறான் துக்கி. அவர் அவனை வெறும் வயிற்றோடு விறகு பிளக்க வைக்கிறார். வெட்டுப்படாத கட்டையோடு மல்லுக்கட்டி அங்கேயே விழுந்து சாகிறான். பிணத்தைத் தொட முடியாத பார்ப்பனர் காலில் கயிற்றை மாட்டி இழுத்துக்கொண்டு போய், செத்த மாடுகள் கிடக்கும் இடத்தில் போடுகிறார். துக்கியாக நடித்தவர் ஓம் பூரி, அவன் மனைவியாக ஸ்மிதா பாட்டீல்.

இரண்டாவது, 1988 ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'தமஸ்'. பீஷ்ம சாஹ்னியின் நாவல், இயக்கம் கோவிந்த் நிஹலானி. 1947 பிரிவினைக் கலவரம்தான் கதை. அது எங்கே தொடங்குகிறது தெரியுமா? நத்து என்ற தோல் உரிக்கும் தொழிலாளியிடம். கால்நடை மருத்துவருக்குத் தேவை என்று சொல்லி, ஐந்து ரூபாய் கொடுத்து, ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். இரவு முழுக்க அதோடு போராடிக் கொல்கிறான். விடிந்து பார்த்தால் பன்றியின் உடல் மசூதிப் படியில் கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது. தன் கையால்தான் இத்தனையும் நடந்ததோ என்று அவன் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகிறான். இதிலும் அவனாக நடித்தவர் ஓம் பூரிதான். தொடரைத் தடைசெய்யக் கோரி வழக்குகள் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1988 பிப்ரவரியில் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது.

இரண்டும் நேர்மையான படைப்புகள். எங்கள் 1988 பட்டியலில் 'தமஸ்' முதலிடத்தில்தான் இருக்கும். யாரோ திட்டமிட்ட கலவரத்தில் கத்தியைப் பிடிக்க வைக்கப்படுவது யாருடைய கை என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன தொடர் வேறில்லை. ஆனால் அந்த அக்காவின் கேள்வியை இங்கே வைத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. துக்கி சாகிறான். நத்து குற்ற உணர்வில் தவித்து, கலவரத்துக்கே பலியாகிறான். பார்க்கிற நல்ல மனசுக்காரர்கள் கண்ணீர் விடுவதற்காகவே நம் ஆட்கள் திரைக்கு வந்தார்கள். நாலரை மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டுப் பார்க்க, அங்கே அவர்களுக்கு என்ன இருந்தது?

அந்த நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' ஓடிக்கொண்டிருந்தது. 1987 ஜனவரி 25-இல் தொடங்கியது. முதலில் 52 வாரங்கள் என்று திட்டமிட்டு, பிறகு நீட்டிக்கப்பட்டு, 78 வாரங்கள் ஓடி 1988 ஜூலை 31-இல் முடிந்தது. தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததையும், பெட்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றியதையும் கேட்டிருப்பீர்கள். அதையெல்லாம் எழுதாத ஊடக வரலாறு இல்லை.

சாகர் ராமனின் பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்தார். தமிழில் கம்பனும் அங்கேதான் முடித்தான். உத்தரகாண்டம் நம்மிடம் ஒட்டக்கூத்தர் பெயரில் தனியாக வழங்குகிறது. பட்டாபிஷேகத்தில் நிறுத்துவதில் ஒரு வசதி உண்டு. அதற்குப் பிறகு வருவது சங்கடமான கதை. ஊரார் பேச்சைக் கேட்டு, கர்ப்பிணியான சீதையை ராமன் காட்டுக்கு அனுப்பிவிடுகிறான். அவளுக்கு அடைக்கலம் கொடுப்பவர் வால்மீகி. லவனும் குசனும் பிறப்பது அவருடைய ஆசிரமத்தில். எழுத்தும் வில்லும் பாட்டும் அவர்கள் கற்பது அவரிடம்.

இந்தப் பகுதி வராமலேயே தொடர் முடிகிறது என்று தெரிந்ததும் ஜலந்தரில் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வால்மீகி சமூகத்தவர். அந்த ஆதிகவியைத் தங்கள் முன்னோராகவும் குருவாகவும் கொண்டாடுபவர்கள். 'எங்கள் குருவின் கதை வராமல் ராமாயணம் எப்படி முடியும்?' என்பதே அவர்கள் கேள்வி. வேலைநிறுத்தம் வட இந்தியாவின் வேறு பல நகரங்களுக்கும் பரவியது. மழைக்காலம். குப்பை மலைபோல் குவிந்தால் நோய் பரவும் என்று அரசு பயந்தது. முடிவில் பணிந்தது. அதே 1988 அக்டோபரில் 'லவ குசா', அதாவது உத்தர ராமாயணம், தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

முதுகலை சமூகவியல் படித்தபோது இந்த வேலைநிறுத்தம் எங்களுக்கு ஒற்றை வரியாக வந்தது. தொலைக்காட்சிக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாக. வகுப்பில் சிரித்தார்கள். "சீரியலுக்காக ஸ்ட்ரைக்கா?" என்று யாரோ கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் நாங்களும்தான் சிரித்தோம். அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெறுவதற்காகவும்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தொழிலாளர்கள் எந்த வால்மீகியைக் கேட்டார்கள் என்று பாருங்கள். ஊர்க்கதையில் வால்மீகி யார்? வழிப்பறி செய்த வேடன், 'மரா மரா' என்று உருப்போட்டுத் திருந்தியவன். அவர்களின் கோயில்களில் இருக்கும் வால்மீகி அவரல்ல. கையில் எழுதுகோலும் ஏடும் வைத்திருப்பவர். அரச குடும்பம் தூக்கியெறிந்த ஒரு பெண்ணுக்குத் தன் குடிசையில் இடம் கொடுத்தவர். அரசனின் பிள்ளைகளுக்கே எழுத்தறிவித்தவர். தலைமுறை தலைமுறையாகக் கையில் துடைப்பமும் கூடையும் திணிக்கப்பட்ட மக்கள், எழுதுகோல் பிடித்த ஒருவரைத் தங்கள் மூதாதையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அவரை நாடு முழுவதும் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நாம் அண்ணலின் சிலையில் புத்தகத்தைத் தேடுவது போலத்தான் இதுவும்.

இந்தப் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பஞ்சாபில் இந்த மக்கள் சூரா என்று இழிவாக அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு லால் பேக், பாலா ஷா என்று தங்களுக்கே உரிய வழிபாட்டு மரபுகள் இருந்தன. அவை இந்து என்றும் இஸ்லாம் என்றும் பிரித்துச் சொல்ல முடியாதவை. 1920-களில் தொகுதி, பிரதிநிதித்துவம், மக்கள்தொகைக் கணக்கு என்று அரசியல் வந்தபோது எல்லோருக்கும் இவர்களின் தலை எண்ணிக்கை தேவைப்பட்டது. 1926-இல் மங்கு ராம் தலைமையில் ஆதி தர்ம இயக்கம் தோன்றியது. நாங்கள் இந்துக்களும் அல்ல, முஸ்லிம்களும் அல்ல, இந்த மண்ணின் ஆதிகுடிகள் என்றது. 1931 கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் மதம் ஆதி தர்மம் என்று பதிந்தார்கள். ஜலந்தர் வட்டாரம்தான் அதன் கோட்டை. அந்த இயக்கமும் ரவிதாசர், கபீர், நாமதேவரோடு வால்மீகியைத் தன் குருக்களில் ஒருவராக ஏற்றது. மறுபக்கம் ஆரிய சமாஜமும் வால்மீகியைக் கையில் எடுத்தது. நீங்கள் ராமாயணம் பாடியவரின் வாரிசுகள், ஆகவே இந்துக்கள் என்றது. ஒரே குருவை ஒருவர் வெளியேறும் வாசலாகவும், மற்றவர் உள்ளே பூட்டும் தாழ்ப்பாளாகவும் பயன்படுத்தினார்கள்.

அண்ணலோடு பணியாற்றிய வழக்கறிஞர் பகவான் தாஸ் இந்தச் சமூகத்தில் பிறந்தவர். வால்மீகி என்ற பெயர் தம் மக்களைத் துடைப்பத்திலிருந்து விடுவிக்கவில்லை, துடைப்பத்துக்கு ஒரு புனிதப் பெயரைத்தான் கொடுத்தது என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகியோ அதே பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டே, சாதி தந்த எச்சில் சோற்றின் கதையை 'ஜூட்டன்' என்று எழுதினார். ஒரே பெயரை எதிரெதிர் திசையில் இழுத்த இந்த இருவருமே நம்மவர்கள்தான்.

இங்கே ஓர் அம்பேத்கரியருக்கு எழும் சங்கடத்தை மறைக்க வேண்டாம். எங்களுக்கும் அது எழுந்தது. பெரியார் 1956-இல் ராமன் படத்தை எரிக்கப் புறப்பட்ட மண்ணில் வளர்ந்தவர்கள் நாங்கள். ராமாயணம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நம் மக்களே கேட்பதா? அதிலும் அவர்கள் கேட்ட உத்தரகாண்டத்தில்தான் சம்பூகன் இருக்கிறான். சூத்திரன் தவம் செய்தான் என்பதற்காக ராமன் கையால் தலை வெட்டப்பட்டவன். 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார். தண்டனை இல்லாமல் நால்வருணம் நிற்காது என்பதற்குச் சம்பூகனின் தலையே சாட்சி என்கிறார்.

அந்த 1988-இன் தொடக்கத்திலேயே பம்பாயில் இதே ராமனை வைத்து வேறொன்று நடந்தது. மகாராஷ்டிர அரசு 1987-இல் வெளியிட்ட அண்ணலின் 'இந்து மதத்தின் புதிர்கள்' தொகுதியில் ராமனையும் கிருஷ்ணனையும் கேள்விக்கு உட்படுத்தும் பகுதி இருந்தது. அதை நீக்க வேண்டும் என்று சிவசேனை தெருவில் இறங்கியது. நீக்கக் கூடாது என்று பிப்ரவரியில் லட்சக்கணக்கான தலித்துகள் பம்பாயில் பேரணி நடத்தினார்கள். அரசு உடன்படவில்லை என்ற குறிப்போடு அந்தப் பகுதி நூலில் நீடித்தது.

ஒரே ஆண்டு. பிப்ரவரியில் பம்பாயில், ராமனைக் கேள்வி கேட்கும் உரிமைக்காகத் தலித்துகள் திரண்டார்கள். கோடை கடந்ததும் ஜலந்தரில், ராமன் கதையில் தங்கள் குருவுக்கு இடம் கேட்டுத் தலித்துகள் உட்கார்ந்தார்கள். ஒன்றை விழிப்புணர்வு என்றும் மற்றொன்றை ஏமாளித்தனம் என்றும் பிரித்துவிடுவது எளிது. நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டு இடத்திலும் கேட்கப்பட்டது ஒன்றுதான்: இந்தக் கதையைச் சொல்லும் அதிகாரம் யாருடையது? பம்பாயில் இருந்தவர்களிடம் அண்ணலின் நூல் இருந்தது. ஜலந்தரில் இருந்தவர்களிடம் துடைப்பம் மட்டும்தான் இருந்தது. கையில் இருந்ததை வைத்துக் கேட்டார்கள்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அரசு ஏன் இவ்வளவு சீக்கிரம் பணிந்தது?

ராமாயணம் முடிந்த ஜூலை 31 என்ற தேதி, தூய்மைப் பணியாளர் இயக்கங்களுக்கு வேறொரு காரணத்தால் மறக்க முடியாத நாள். 1957-இல் புது டெல்லி நகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கதையல்ல, கூலி. ஜூலை 31 அன்று பஞ்சகுயான் சாலையில் இருந்த அவர்களின் குடியிருப்பில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பூப் சிங் என்ற இளைஞர் செத்து விழுந்தார். காந்தி 1946-47-இல் வந்து தங்கி, உலகத் தலைவர்களையெல்லாம் சந்தித்த அதே குடியிருப்புதான் அது. அவர் நினைவாகத்தான் ஜூலை 31 தூய்மைப் பணியாளர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கூலி கேட்டபோது குண்டு வந்தது. கதை கேட்டபோது கதை வந்தது. எங்களுக்கு 1988-இன் மிகப் பெரிய பாடம் இதுதான். துடைப்பம் நின்றால் அரசு ஆடிப்போகும் என்பது இரண்டு முறையும் நிரூபணமானது. ஆனால் கேட்பது மானக் கூலியானால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. கேட்பது ராமாயணமானால் அது பக்தி. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்யும் முதல் மத்தியச் சட்டம் வர 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது போதாது என்று 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. இன்றும் சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறார்கள். தொடரை நீட்டிக்க அரசுக்குச் சில வாரங்கள் போதுமாக இருந்தன.

கதைக்குள் இடம் வேண்டும் என்ற நம் தவிப்பை வேறு சிலர் நன்றாகக் கவனித்துக்கொண்டும் இருந்தார்கள். 'லவ குசா' முடிந்த அதே ஆண்டு, 1989 நவம்பர் 9 அன்று, அயோத்தியில் விசுவ இந்து பரிஷத் அடிக்கல் நாட்டியது. முதல் கல்லை வைக்க வைத்தது யாரை? பீகாரைச் சேர்ந்த காமேஷ்வர் சௌபால் என்ற தலித்தை. 1991-இல் தொடரின் சீதையும் ராவணனுமே பாரதிய ஜனதாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள். 'தமஸ்' அந்த ஐந்து ரூபாயைப் பற்றி எச்சரித்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இந்த முறை கையில் கத்திக்குப் பதில் செங்கல்.

எனவே ஜலந்தர் ஏமாந்துபோனது என்று முடித்துவிடலாமா? கூடாது. அந்த ஊர் கதையை அங்கேயே விட்டுவிடவில்லை.

2019 ஆகஸ்ட்டில் ஒரு தனியார் அலைவரிசையில் 'ராம் சியா கே லவ் குஷ்' என்ற தொடர் தொடங்கியது. மீண்டும் அதே உத்தரகாண்டம். அதில் வால்மீகியின் கதை திரிக்கப்பட்டிருக்கிறது என்று பஞ்சாபின் வால்மீகி சமூகத்தினர் கொதித்தார்கள். செப்டம்பர் 7 அன்று மாநிலம் தழுவிய முழு அடைப்பு நடந்தது. ஜலந்தர் உட்படப் பல நகரங்கள் முடங்கின. மாநில அரசு அந்தத் தொடரின் ஒளிபரப்பைத் தடை செய்தது. முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு எந்தக் கதையைக் காட்டு என்று கேட்டார்களோ, அதையே நிறுத்து என்று கேட்டார்கள். தடை கேட்பது சரிதானா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. 'புதிர்கள்' நூலைத் தடை செய்யாதே என்று நின்ற மரபில் வந்தவர்கள் நாம். ஒரு தொடரைத் தடை செய் என்னும்போது நாக்கு தயங்குகிறது. ஆனால் அந்தக் கோபத்தின் வேர் எங்களுக்குப் புரிகிறது. அவர்கள் திரையில் தோன்றினால் போதும் என்ற இடத்தில் இப்போது இல்லை. எப்படித் தோன்ற வேண்டும் என்பதில் பேச்சுரிமை கேட்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஊரடங்கு வந்தது. 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தையே மறுபடி ஒளிபரப்பியது. ஏப்ரல் 16 அன்று 7 கோடியே 70 லட்சம் பேர் பார்த்ததாக மார்தட்டிக்கொண்டது. அதைத் தொடர்ந்து உத்தர ராமாயணமும் வந்தது. காலை 9 மணிக்கு நாடு வீட்டுக்குள் உட்கார்ந்து வால்மீகி முனிவரைக் கும்பிட்ட அந்த நேரத்தில், வால்மீகி சமூகத்தவர்கள் தெருவில் நோயாளிகளின் முகக்கவசங்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்த வாரங்களில் நம் ஊரில் கையுறை கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருந்தோம். நம் ஊரில் அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். சாதியின் பெயர் மாறும், மொழி மாறும், துடைப்பம் மாறாது. பஞ்சாபின் வால்மீகிகளுக்கான உள்ஒதுக்கீடும் நம் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒரே தீர்ப்பில் நிலைபெற்றது தற்செயல் அல்ல. கடைசி வரிசையில் நிற்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பதால்தான்.

2019 நல்லதையும் கொண்டுவந்தது என்பதைச் சொல்லாவிட்டால் பட்டியல் முழுமை ஆகாது. அந்த ஆண்டு மே மாதம் மராத்தியில் ஸ்டார் பிரவாகில் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கைத் தொடர் தொடங்கியது. டிசம்பரில் இந்தியிலும் வேறோர் அலைவரிசையில் இன்னொன்று தொடங்கியது. அதற்கு முன்பே 2014-இல் ஷியாம் பெனகலின் 'சம்விதான்' வந்து, அரசியல் நிர்ணய சபையில் எழுந்து பேசும் அம்பேத்கரை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2023-இல் 'மேட் இன் ஹெவன்' தொடரில் நீரஜ் கய்வான் இயக்கிய பகுதியில், ஒரு தலித் பெண் பௌத்த முறையில் திருமணம் செய்துகொண்டாள். சாகவில்லை, அழவில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. துக்கியிலிருந்து அந்த மணப்பெண் வரை வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இவற்றில் எதுவும் தானாகக் கனியவில்லை. ஜலந்தரில் குப்பை அள்ளாமல் இருந்த அந்த நாட்களும் இந்தக் கணக்கில் வர வேண்டும் என்பதே எங்கள் வாதம். ஊடக வரலாற்றில் அது ராமாயணத்தின் செல்வாக்கைக் காட்டும் துணுக்கு. நம் வரலாற்றில், சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடும் கதையை மாற்றிக் காட்டிய முதல் சம்பவம்.

போன வாரம் அட்டைகளைக் கொடுக்க அந்தக் குடியிருப்புக்கு மறுபடி போனோம். அந்த அக்காவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னோம். குப்பை குவிந்ததும் அரசு இறங்கிவந்தது என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பூப் சிங் கதையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப சாமி கதைக்குத்தான் எறங்குவாங்களா? சம்பளத்துக்கு எறங்க மாட்டாங்களா?" என்றார்.

2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குத் தாரைவார்க்காதே என்று தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 13 நாட்கள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீசை வைத்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அவர்கள் கேட்ட பணி நிரந்தரம் அந்த அறிவிப்பில் இல்லை.

அந்த 13 நாட்களை யாராவது தொடராக எடுக்கட்டும். கதை அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதப்படட்டும், எழுதுகிறவர்களில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கட்டும். அது வருகிற ஆண்டில் எங்கள் பட்டியலின் முதலிடம் அதற்குத்தான். அந்த அக்காவுக்கும் சொல்லி அனுப்புவோம். தூக்கத்தை விட்டுவிட்டுப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.